கண்ணில்லாக் கயல்

பெட்ஃபோர்டில் தணிக்கை வெள்ளியோடு முடிந்தது.
விமானம் ஞாயிறு மாலைதான்.
மோட்டல் மேசையில் எஞ்சியிருந்த விளம்பரத் தாள்கள் இரண்டு:
கல் அருங்காட்சியகம், பாதாள ஆறு.
கல்லை மூன்று நாளாகப் பார்த்தாயிற்று.
இந்தியானாவின் இந்த மூலையில்
வங்கி, சிறை, யாரோ நாய்க்கு வைத்த சமாதி
எல்லாமே சுண்ணாம்புக்கல்.

உயிர் போனால் பொறுப்பல்ல என்ற படிவத்தில்
முழுப்பெயரும் எழுதினேன்.
சீட்டுக் கொடுத்த பெண்தான் படகும் ஓட்டுவாளாம்.
கெய்லி. பத்தொன்பது இருக்கும்.
என் பெயரில் பாலம்போல் ஏறி
பாதியில் நின்று கீழே பார்த்தாள்.
"கே போதும்" என்றேன்,
பதினோரு வருஷமாகச் சொல்வதுதான்.
அவள் விடவில்லை, அர்த்தம் கேட்டாள்.
மீனைப் போன்ற கண் என்று சொல்லப்போய்
ஆங்கிலத்தில் அது
ஐஸ்மேல் கிடந்து வெறிக்கும் கண்ணாகிவிட்டது.
"அழகாயிருக்கு" என்றாள்,
இரண்டு நொடி கழித்து.

பிறர் வியர்வை மணக்கும் மிதவைச் சட்டை.
தட்டைப் படகில் பதினாறு பேர்.
மோட்டார் தனக்குத்தானே முணுமுணுத்தது.
கூரை குனியச் சொன்ன இடத்தில் குனிந்தோம்.
ஜூலையை மேலே கழற்றி மாட்டிவிட்டு வந்ததுபோல் குளிர்.
எங்கோ கிளம்பிய சொட்டு ஒன்று
என் கழுத்துக்குள் வந்து முடிந்தது.

விளக்கைத் தண்ணீருக்குத் திருப்பினாள் கெய்லி.
விரல் நீள மீன்.
வடித்த சோற்றின் வெள்ளை.
அதற்கு அவசரமே இல்லை.
கண் இருக்கவேண்டிய இடத்தில்
சும்மா தோல்.
"இருட்டில் தேவைப்படலை,
தலைமுறை தலைமுறையா விட்டுடுச்சு" என்று
எல்லோருக்கும் சொன்னாள்.
பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக,
"சாரி" என்றாள்.

சிரித்துவிட்டேன்.
கயல், சேல், கெண்டை என்று
ஆற்றையே கலக்கி
கண்ணுக்கு உவமை பிடித்த மொழி
இந்த ஒன்றை எங்கே வைக்கும்?
கரூரிலிருக்கும் அக்காவுக்கு அனுப்ப
படம் எடுத்தேன்.
கறுப்புச் சதுரம், நடுவில் ஒரு கீறல்.

அடுத்து, முழு இருட்டு என்று சொல்லி
விளக்கை அணைத்தாள்.
அணைந்ததும் யாருடைய காலடியிலோ
சிவப்பு, நீலம், சிவப்பு.
ஒரு பையனின் ஷூ,
அசைந்தால் மின்னும் ரகம்.
"ஓவன், ஆடாதே."
ஆடாமலிருக்கப் பாடுபட்டதில்
இன்னும் மின்னியது.
கடைசியில் கையால் பொத்திக்கொண்டான் போலும்:
விரல் இடுக்குகள் ஒருமுறை சிவந்து
அணைந்தன.

அப்புறம்தான் வந்தது இருட்டு.
இமையைத் திறந்தேன், மூடினேன்,
வித்தியாசமில்லை.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
எரிந்தது. சரி, திறந்துதான் இருக்கிறது.

"பேரைக் கத்துங்க, குகை திருப்பிச் சொல்லும்."
ஓவன் கத்தினான். ஒரு ராண்டி.
வெட்கத்தோடு ஒரு மெலிசா.
கே என்று கத்த வாயெடுத்தேன்.
ஓரெழுத்து எவ்வளவு தூரம் போகும்.

கயல்விழி.

நாக்கு உள்ளே மடங்கி
நாளாய்ப் போகாத இடத்தைத் தடவிவிட்டு வந்தது.
கல் யோசிக்கவில்லை.
ழி என்றது.
தள்ளி இன்னொரு கல், ழி.
இந்த மாநிலத்தில் எழுத்துக்கூட்டிக் கேட்காத
முதல் ஆள்.

"இன்னொரு தடவை" என்றது ஓவனின் குரல்.
கத்தினேன்.
அவனும் முயன்றான்: காயல்விளி.
உப்பங்கழி கூப்பிடுகிறது.
அதுவும் தமிழ்தான், அவனுக்குத் தெரியாது.
திருத்தாமல் விட்டேன்.

விளக்கு வந்தபோது பதினாறு பேரும்
ஏதோ அகப்பட்டுக்கொண்டவர்கள்போல்
முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

மேலே சரியான வெயில்.
வண்டி நிறுத்தத்தின் குறுக்கே ஓவன் ஓடினான்.
ஷூ மின்னியிருக்கும்.
வெளிச்சத்தில் தெரியவில்லை.